ராகி போட்ட ரயில் பாதை

பொம்மை ரயில் பாதை போடுற தொழில்ல ரயில் ஒரு பிரச்சனையே இல்லைங்க, அதுக்கு அடியில கொட்டுற ஜல்லிதான் மனுசங்களை மண்டை காய வைக்கும். குட்டிக் குட்டிக் கட்டைகளுக்கு நடுவுல பெயிண்ட் பிரஷ்ஷால பொடியைத் தள்ளித் தள்ளிச் சமமாக்கி, கடைசி நேரத்துல ஒரு தும்மல் போட்டு எல்லாத்தையும் ஊதி விட்டவங்க இதைப் படிக்கிறீங்கன்னா, கொஞ்சம் கிட்ட வந்து உக்காருங்க. நம்ம துக்கம் நமக்குத்தான் தெரியும்.

தருமபுரி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால, ஒரு பேக்கரி மாடியில என் கடை. பிளாட் போட்டு விக்கிறவங்களுக்கு வூட்டு மாடல், பள்ளிக்கூடப் பசங்களுக்கு எரிமலை, இருதயம், மழைநீர்த் தொட்டி, இதுங்கதான் என் பொழப்பு. கூட ஒரே ஒருத்தர், குப்புசாமிண்ணன். முன்னாடி சினிமா கொட்டாயில ஆபரேட்டர், இப்ப என் மாடலுக்கெல்லாம் லைட்டும் வயரும் அவர் பொறுப்பு. கடைக்கு வர்றவங்க நேரா அவரைப் பார்த்து "வணக்கம் சார்"ம்பாங்க. அவர் என் பக்கம் கையைக் காட்டுவார்.

என் கொழுந்தனார் கிரானைட் ஆபீஸ் வெச்சிருக்கார். அங்க பில் போட ஆள் வேணுமாம். "மலையும் வூடும் அட்டையில செஞ்சது போதும், கிறிஸ்துமஸ் வரைக்கும் பாரு, பெருசா ஒண்ணும் வரலைன்னா கடையைச் சாத்திட்டு அங்க போய் உக்காரு"ன்னு வூட்டுல முடிவு பண்ணிட்டாங்க. எனக்கு அந்த ஏசி ரூமை நெனைச்சாலே அழுகை வரும். அப்பத்தான் ஆரோக்கியசாமி சார் மாடி ஏறி வந்தார்.

ரயில்ல வர்ற ராசாக்கள்

ஆரோக்கியசாமி சார் ரயில்வேல கார்டா இருந்து ரிட்டயர் ஆனவர். பென்னாகரம் ரோட்டுல உள்ள தள்ளி இருக்குற ஒரு ஊரு. அவங்க கோயில்ல இந்த வருசம் கிறிஸ்துமஸ் குடில் போடுற முறை அவர் தெருவுக்கு வந்திருச்சு. வெளிநாட்டுல இருக்குற மருமகன் ஒரு ரயில் செட் குடுத்திருக்கார், கொஞ்சம் பெரிய சைஸ். எஞ்சினே ஒரு முழு பிரெட் பாக்கெட் நீளம். குடிலைச் சுத்தி அது ஓடணும், நடுவுல மொரப்பூர் ஸ்டேஷன் இருக்கணும், ஏன்னா அவரோட மொத போஸ்டிங் அங்கதான்.

"பெத்லகேமுக்குப் பக்கத்துல மொரப்பூரா சார்?"னு கேட்டேன். அவர் பையில இருந்து, குழந்தை ஏசுவைப் பார்க்க வர்ற மூணு ராசாக்களோட பொம்மையை எடுத்து என் மேசை மேல வரிசையா நிக்க வெச்சார். கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் சாயங்காலம் பங்குத்தந்தை திரையைத் திறக்கும்போது, இவங்க மூணு பேரும் திறந்த வேகன்ல வந்து தொழுவத்துக்கு முன்னால நிக்கணுமாம். "ஒட்டகத்துல வந்தா ஜனவரி ஆறாம் தேதி, ராசாக்கள் திருநாளுக்குத்தாங்க வந்து சேர்றாங்க, என் வண்டியில ஏத்தி விட்டா கரெக்ட் டைமுக்கு இறக்கிடுவேன்."

ரவைக்கு அண்ணன், கடுகுக்குத் தம்பி

நிஜப் பாதையில கிடக்குற ஜல்லி ஒண்ணு எடுத்தா உள்ளங்கை நிறையும். அதையே இந்த ரயிலுக்குத் தகுந்த மாதிரி சுருக்கினா, ரவையைவிடக் கொஞ்சம் பெருசு, கடுகைவிடக் கொஞ்சம் சிறுசு. நான் சோம்பேறித்தனமா ரவையிலயே ஆரம்பிச்சேன். டீ டிகாஷன்ல ஊற வெச்சு, நெழல்ல காய வெச்சு, ஒரு முழ நீளத்துக்கு மாதிரிப் பாதை போட்டு, பசைத் தண்ணி சொட்டு விட்டுட்டு வூட்டுக்குப் போயிட்டேன்.

மறுநாள் வந்து பார்த்தா கட்டை இருக்கு, தண்டவாளம் இருக்கு, ஜல்லி பாதியைக் காணோம். கீழ பேக்கரிக்கு வர்ற எறும்பெல்லாம் படி ஏறி வந்து, ஒரு ஓரத்துலேருந்து ஒழுங்கா உரிச்சு எடுத்துட்டு சுவத்து ஓட்டைக்குள்ள போய்க்கிட்டிருந்துச்சு. ஒட்டாம விட்ட எடம் எதுன்னு எனக்குத் தெரியலை, அதுங்களுக்குத் தெரிஞ்சிருக்கு. நான் தலையில கை வெச்சு நிக்கிறேன், குப்புசாமிண்ணன் மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கிட்டு குனிஞ்சு ரொம்ப நேரம் பார்த்தார். "இத்தனை பேரு வேலை செய்யறாங்க, மேல நின்னு கத்தறதுக்கு ஒருத்தர்கூட இல்லை பாரும்மா."

டிபன் பாக்ஸ் லோடு

சரி, கல்லுக்கு கல்லையே போட்டுடுவோம்னு கல் உடைக்கிற கிரஷருக்கு வண்டியை விட்டேன். அங்க பெல்ட்டுலேருந்து ஜல்லி கொட்டிக்கிட்டே இருக்கு, வெள்ளையா புழுதி. சூப்பர்வைசர் ஓடி வந்து, "வூடு கட்டறீங்களா, காம்பவுண்டாங்க, எத்தனை லோடு?"ன்னார். நான் பையில இருந்து ரெண்டடுக்கு டிபன் பாக்ஸை எடுத்து நீட்டினேன். மேலடுக்குல சன்னத் தூள், கீழடுக்குல கொஞ்சம் பருவெட்டுன்னு விவரமா சொன்னேன்.

அவர் என்னைப் பார்த்தார், டிபன் பாக்ஸைப் பார்த்தார், அந்தாண்ட நிக்கிற டிப்பர் லாரியைப் பார்த்தார். நான் டீ வடிகட்டியை எடுத்து அங்கயே சலிக்க ஆரம்பிச்சதும் லாரி டிரைவருங்க எல்லாம் இறங்கி வந்து சுத்தி நின்னுட்டாங்க. ஒருத்தர் குடை பிடிச்சார், புழுதி கண்ணுல விழக் கூடாதுன்னு. கிளம்பும்போது சூப்பர்வைசர் ரொம்ப மரியாதையா கேட்டார், "தார்ப்பாய் போட்டு மூடிட்டுப் போறீங்களா, இல்ல அப்டியேவாங்க?"

எஞ்சினுக்குத் தாடி

அந்தத் தூளை மாவு சல்லடையில ஒரு தடவை, டீ வடிகட்டியில ஒரு தடவை சலிச்சு, அலசிக் காய வெச்சுப் போட்டேன். பார்க்க அப்டியே பாதை. ஆரோக்கியசாமி சாரைக் கூப்பிட்டு, டீ வாங்கிக் குடுத்து, பெருமையா எஞ்சினை ஓட விட்டேன். முதல் சுத்து ஜம்முன்னு போச்சு. ரெண்டாவது சுத்துல கொஞ்சம் முனகிச்சு. மூணாவது சுத்துல நின்னே போச்சு.

தூக்கித் திருப்பிப் பார்த்தா அடி வயித்துல கருகருன்னு மயிர் மயிரா தூள் ஒட்டிக்கிட்டு நிக்குது. நம்ம பக்கத்துக் கல்லுல இரும்பு கலந்திருக்கும், எஞ்சினுக்குள்ள மோட்டார் காந்தம், ரெண்டும் ஒண்ணையொண்ணு கண்டுபிடிச்சிருச்சு. சக கஷ்டவாளிகளே, நீங்க கல் தூள் போடுறதா இருந்தா மொதல்ல ஒரு பழைய ஸ்பீக்கர் காந்தத்தைப் பிளாஸ்டிக் கவர்ல சுத்தி, தூள் மேல இழுத்துப் பாருங்க. இந்தப் புத்தி எனக்கு அன்னைக்கு இல்லை. குப்புசாமிண்ணன் பல் தேய்க்கிற பிரஷ்ஷால எஞ்சினைச் சுத்தம் பண்ண, ஆரோக்கியசாமி சார் டீயை உறிஞ்சிக்கிட்டே சொன்னார், "ரிட்டயர் ஆகுற வரைக்கும் எஞ்சினுக்குத் தாடி முளைச்சு நான் பார்த்ததில்லைங்க, நீங்க காட்டிட்டீங்க."

மொரப்பூர்ல பனி

இதுக்கு நடுவுல குடில் கமிட்டி என்னை ஊருக்குக் கூப்பிட்டுது. கோயில் பக்கத்துக் கொட்டகையில மேசை போட்டு, மலையெல்லாம் சாக்குல செஞ்சு நிறுத்தியிருந்தாங்க. வருசா வருசம் உசுரோட ஒரு வெள்ளாட்டுக் குட்டியும் கட்டுவாங்களாம், பென்னாகரம் பக்கமிருந்து முனியப்பன்னு ஒரு ஆட்டுக்காரர் கொண்டாந்து விடுவார். புல்லு பொறுப்பு கமிட்டியில இருக்குற ஸ்டெல்லாக்காவோடது. தட்டுல ராகியைத் தூவி, தினம் தண்ணி தெளிச்சு, கிறிஸ்துமஸ் நேரத்துக்குப் பச்சைப் பசேல்னு வளர்த்துக் குடிலைச் சுத்தி வெப்பாங்க.

கமிட்டிக்காரங்க எல்லாரும் ஒரே குரல்ல, ஜல்லி வெள்ளையா இருக்கணும், மேல பஞ்சு போட்டு ஜிகினா தூவணும்னாங்க. ஆரோக்கியசாமி சாருக்கு மூஞ்சி செவந்து போச்சு. ஸ்டேஷன்ல வண்டி பிரேக் போட்டுப் போட்டு, இரும்புத் தூள் விழுந்து, ஜல்லி பழுப்பா துரு நிறத்துலதான் இருக்கும், அப்டித்தான் வேணும்னார். நானும் அவர் கட்சியில சேர்ந்துக்கிட்டு, மொரப்பூர் வெயில்ல எங்கங்க பனின்னு கேட்டேன். ஸ்டெல்லாக்கா என்னை ஏற இறங்கப் பார்த்தாங்க. "மொரப்பூருக்கு ராசா ரயில்ல வரலாமாம், பனி மட்டும் வரக் கூடாதாமா கண்ணு?"

களிக்கு வெச்ச ராகி

கடைசியில ஆரோக்கியசாமி சார் பேச்சுதான் ஜெயிச்சுது. பழுப்பு வேணும், துரு நிறம் வேணும், ரவைக்கு அண்ணனா இருக்கணும், காந்தத்துல ஒட்டக் கூடாது. செங்கல் தூள் வெச்சுப் பார்த்தேன், தண்ணி பட்டதும் குழம்பாயிருச்சு. டீத்தூள் கருத்துப் போச்சு. மரத்தூள் மெதந்துச்சு. கிறிஸ்துமஸுக்கு ஒரு வாரம்தான் இருக்கு. கொழுந்தனார் வேற, "அண்ணி, உங்க சீட்டுக்குப் புதுசா சுத்துற சேர் வாங்கிப் போட்டிருக்கேன்"னு போட்டோ அனுப்பினார். எனக்கு அந்த சேரைப் பார்த்ததும் சோறு எறங்கலை.

அப்ப என் வூட்டுக்காரர் களிக்கு மாவு அரைக்கணும்னு ராகியை முறத்துல கொட்டிக் கல் பொறுக்கிட்டிருந்தார். பார்த்தேன். உருண்டை உருண்டையா, செம்பழுப்பா, சின்னதும் பெருசுமா கலந்து, அளவெடுத்துச் செஞ்ச மாதிரி கிடக்கு. முறத்தோட பிடுங்கிக்கிட்டேன். வறுத்தா நிறம் கருத்துப் போயிடுமேன்னு வறுக்கலை, இதை மட்டும் மனசுல வெச்சுக்குங்க. எறும்புக்குப் பயந்து பசைத் தண்ணியில ஒரு சொட்டு ஷாம்பு, ரெண்டு சொட்டு வேப்பெண்ணெய் கலந்து, கொட்டகையிலயே நாள் பூரா குனிஞ்சு உக்காந்து பாதை முழுக்கப் போட்டு முடிச்சேன். ஆரோக்கியசாமி சார் வந்து பார்த்துட்டுக் கண்ணைத் துடைச்சுக்கிட்டார். கொட்டகைக்கு வெள்ளையடிக்கிறவங்க பாதை மேல சிந்திடக் கூடாதுன்னு அதைப் பாலிதீன் ஷீட் போட்டு மூடிட்டுக் கிளம்பி வந்தா, என் வூட்டுக்காரர் காலி முறத்தோட வாசல்ல நிக்கிறார். "ரயிலு சாப்ட்டு முடிச்சிருச்சா, எனக்கு எதாச்சும் மிச்சம் இருக்கா?"

ஸ்டெல்லாக்கா பொறுப்பு

திறப்பு விழா அன்னைக்கு மத்தியானமே நானும் குப்புசாமிண்ணனும் போய்ட்டோம். வெளியில சேர் போட்டாச்சு, மைக் கட்டியாச்சு. என் வூட்டுக்காரரும் கொழுந்தனாரும் சாயங்காலம் வர்றதா சொல்லியிருந்தாங்க, கொழுந்தனார் பார்த்துட்டு அப்டியே என் முடிவையும் கேட்டுட்டுப் போவாராம். நான் ஷீட்டை ஒரு முனையில பிடிச்சு இழுத்தேன்.

பாதையைக் காணோம். ஒரு விரல் உயரத்துக்குப் பச்சை. தண்டவாளத்துக்கு நடுவுல, ஓரத்துல, கட்டைக்குக் கட்டை, வளைவு நெளிவெல்லாம் விடாம, தளதளன்னு ராகிப் பயிர். மேல ஷீட் போட்டிருந்ததால வேர்த்து வேர்த்து நல்லா வளர்ந்திருக்கு. தட்டுல வளர்த்த புல்லைவிட இது செழிப்புன்னு பின்னால ஒரு குரல் கேக்குது. திரும்பினா ஸ்டெல்லாக்கா, கையில தண்ணி தெளிக்கிற பாட்டில், மூஞ்சி பூரா சந்தோஷம். தினம் காலையில ஷீட்டைத் தூக்கி, மறக்காம தெளிச்சிருக்காங்க. ஏங்க்கா இப்டிப் பண்ணினீங்கன்னு கேட்டேன். அவங்களுக்கு நான் கேக்குறதே விளங்கலை. "குடில்ல ராகி போட்டிருந்தா தண்ணி தெளிக்காம, வேற என்ன கண்ணு பண்ணுவாங்க?"

அவுட்டர்ல மூணு ராசா

ஓடிப் பார்க்கட்டும்னு வண்டியை விட்டோம். ஈரத் தண்டு சக்கரத்துல சிக்கி வழுக்க, எஞ்சின் நின்ன எடத்துலயே சுத்துது. ராசாங்க மூணு பேரும் வேகன்ல இடுப்பளவு பயிருக்குள்ள நிக்கிறாங்க. ஆரோக்கியசாமி சார், சிக்னல் கிடைக்காம ஸ்டேஷனுக்கு வெளியில நிக்கிற வண்டியைச் சொல்ற அதே குரல்ல, "வண்டி அவுட்டர்ல நிக்குது"ன்னார். அவர் கையில பச்சைக் கொடி, அதை ஆட்டத்தான் புதுசா வெள்ளைச் சட்டை போட்டு வந்திருந்தார், அதைப் பார்க்க எனக்குத் தாங்கலை. கரண்ட்டை நிறுத்திட்டு ஆளுக்கொரு கத்திரி எடுத்து வெட்ட ஆரம்பிச்சோம். நான் மேசை மேல குப்புறப் படுத்துட்டேன். ஈரத்துல கத்திரி வழுக்குது, வெட்டினது தண்டவாளத்துலயே ஒட்டுது. ஒரு வளைவு முடிக்கிறதுக்குள்ள வெளியில பாட்டு ஆரம்பிச்சுட்டாங்க. எதுக்கோ உள்ள வந்த கொழுந்தனார், அண்ணி படுத்திருக்குற கோலத்தைப் பார்த்துட்டு அப்டியே நின்னுட்டார். அந்தச் சுத்துற சேர் என் கண்ணு முன்னால வந்து ஒரு சுத்து சுத்திச்சு.

அப்ப தொழுவத்துப் பக்கம் சரசரன்னு சத்தம். முனியப்பன் கட்டி வெச்ச வெள்ளாட்டுக் குட்டி, காலையிலேருந்து வெறும் வைக்கோலைப் பார்த்துப் பார்த்து வெறுத்துப் போய், கயித்தை உருவிக்கிட்டு மேசை மேல ஏறிருச்சு. எல்லாரும் "ஏய், ஏய்"னு விரட்ட வந்தாங்க. நானும் கையை ஓங்கிட்டேன். அதுக்குள்ள அது மொரப்பூர் பிளாட்பாரத்து ஓரம் ஒரு வாய் கொறிச்சிருச்சு, கொறிச்ச எடத்துல பாதை பளிச்சுன்னு தெரியுது. மேல இருந்த பச்சை மட்டும் போயிருக்கு, பசையில ஒட்டின ராகி ஒண்ணுகூட பெயரலை. "யாரும் விரட்டாதீங்க"ன்னு கத்தினேன். வேப்பெண்ணெய் கசப்புக்கு மூஞ்சி சுளிக்குமோன்னு பயம் வேற, ஆனா வேப்பங்கொழையையே மென்னு தின்னுற ஜாதிக்கு அதெல்லாம் ஊறுகா. ஒரு கொத்துப் பயிரை மூக்குக்கு முன்னால காட்டிக்கிட்டே நான் பின்னால பின்னால நகர, அது கட்டை கட்டையா மேஞ்சுக்கிட்டே வந்துச்சு. முனியப்பன் பக்கத்துல நடந்து, ஸ்டேஷன் கூரையைத் தின்னாம பார்த்துக்கிட்டார். ஸ்டெல்லாக்கா முந்தானையால தண்டவாளத்தைத் துடைச்சுக்கிட்டே வந்தாங்க. முழுச் சுத்தும் முடியவும் வெளியில பாட்டு முடியவும் சரியா இருந்துச்சு.

திரை திறந்துச்சு. ஆரோக்கியசாமி சார் கொடியை ஆட்டினார், குப்புசாமிண்ணன் கன்ட்ரோல் குமிழைத் திருப்பினார், மூணு ராசாவும் ஆடி அசைஞ்சு மொரப்பூரைத் தாண்டி, தொழுவத்துக்கு முன்னால வந்து நின்னாங்க. ஜனம் கை தட்டின தட்டுல எனக்குக் கண்ணு ரெண்டும் கலங்கிப் போச்சு. பாதையோட ரெண்டு ஓரத்துலயும் கொஞ்சம் கொஞ்சம் பச்சை மிச்சம் இருந்துச்சு, நடுவுல துரு நிறத்துல ஜல்லி, அசல் ஸ்டேஷன்னு பேசிக்கிட்டாங்க. பங்குத்தந்தை மட்டும் திரைக்குப் பின்னால நடந்ததை எப்டியோ பார்த்திருக்கார். ஓரத்துல அசை போட்டு நின்ன குட்டியைத் தடவிக் குடுத்துட்டு மைக்கில்லாம சொன்னார், "தொழுவத்துல ஆடு இருந்துச்சுன்னு வருசா வருசம் நானே சொல்லியிருக்கேன், என்ன வேலை பார்த்துச்சுன்னு இன்னைக்குத்தான் தெரிஞ்சுது."

கொழுந்தனார் கண்டிஷன்

எல்லாரும் கேக் சாப்பிடும்போது கொழுந்தனார் பாதைகிட்டயே நின்னுட்டிருந்தார். குனிஞ்சு, ஜல்லியை விரலால தொட்டு, முகர்ந்துகூட பார்த்தார். நான் பக்கத்துல போய், சேர் எப்ப வந்து பார்க்கணும்னு கேட்டேன், குரல் எனக்கே கேக்கலை. அவர் என் முழங்கையிலயும் புடவையிலயும் ஒட்டியிருந்த பச்சையைப் பார்த்தார். பில் சீட்டுக்கு வேற ஆள் பார்த்துக்கறேன்னார்.

ஆபீஸ் முகப்புல வைக்க, குவாரி, லாரி, கல்லை ரயில்ல ஏத்துற எடம்னு ஒரு மேசை முழுக்க மாடல் வேணுமாம், வர்ற கஸ்டமரெல்லாம் நின்னு பார்க்கணுமாம், சுத்துற சேரையும் என் கடைக்கே அனுப்பிடறாராம். நான் சரின்னு சொல்றதுக்குள்ள விரலை மட்டும் தூக்கிக் காட்டினார். "ஆனா ஜல்லிக்கு எங்க கல்லுதான் போடணும், மேயற மாதிரி ஐட்டம் எதுவும் வேணாம் அண்ணி."

ஆகவே என் இனிய சல்லடைக் குடும்பத்தாரே, ஜல்லிக்குன்னு எதை எடுத்தாலும் அளவு பாருங்க, நிறம் பாருங்க, காந்தம் வெச்சுப் பாருங்க, கடைசியா ஒரு வெள்ளாட்டுக்கிட்ட நீட்டி, அது மூஞ்சியைத் திருப்பிக்கிட்டா மட்டும் தைரியமா ஒட்டுங்க.